விசைமாற்றியும் அதன் பூட்டும்

மேட்டில் நிற்கும் பாரலோரியைப் பின்வாங்கவிடாது முன்னே எடுப்பது எத்துணைக் கடினம் என்பதை லோரி ஓட்டிப் பழகிய அன்பர்கள் அறிவர். இடக்கால் கிளட்சை மெல்ல விடவேண்டும். வலக்கால் எஞ்சினை முடுக்கவேண்டும். ஒரு கை பிரேக்கைத் தளர்த்தவேண்டும். மற்றொரு கை ஸ்டியரிங்கைப் பற்றியிருக்கவேண்டும். சற்றுப் பிசகினால் எஞ்சின் உதறி நின்றுவிடும்; அன்றேல் கிளட்சுத் தட்டுக் கருகி நாற்றம் எழும். இத் தொல்லையை ஒழிக்க வந்ததே தானியங்கும் கியர்ப்பெட்டி. அதில் கிளட்சு மிதி இல்லை. கியர் மாற்றும் வேலையும் ஓட்டுநருக்கு இல்லை.

அங்ஙனமிருக்க, அமெரிக்க நாட்டில் 1994, 1995-ம் ஆண்டுகளில் செய்யப்பட்ட டாட்ஜ் டீசல் லோரிகள் பலவற்றில் ஒரு விந்தையைக் காண்கிறோம். ஓட்டுநர் கைக்கெட்டும் இடத்தில் சிறு சுவிட்சு ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். தொழிற்சாலையார் வைத்ததன்று அது. வண்டிக்கு உரியவரே கம்பி இழுத்து வைத்துக்கொண்டது. எல்லாவற்றையும் தானே செய்யும் வண்டி என்று விலைகொடுத்து வாங்கியவர்களே, அதன் ஒரு செயலை மட்டும் தம் கையில் மீட்டுக்கொண்டனர். அஃது எச்செயல்? அதனை ஏன் மீட்டனர்? இவ்வினாக்களுக்கு விடைகாண, லோரிகளை விட்டுக் கப்பற் பட்டறை ஒன்றுக்குச் செல்லவேண்டியிருக்கிறது.

பால்டிக் கடற்கரையை அடுத்த ஸ்டெட்டின் நகரம் இன்று போலந்து நாட்டைச் சேர்ந்தது. 1905-ல் ஜெர்மனியின் வசம் இருந்தது. அங்கே வுல்கான் என்னும் பெயர்பெற்ற கப்பற் பட்டறையில் ஹெர்மன் ஃபொட்டிங்கர் என்னும் இளம் எஞ்சினியர் வேலை பார்த்து வந்தார். 1877-ல் நூரம்பெர்க் நகரில் பிறந்தவர். அக்காலத்தே நீராவிச் சுழலி கப்பல்களுக்குப் புதிதாக வந்திருந்தது. சுழலி வேகமாகச் சுற்றினால்தான் நன்கு உழைக்கும். கப்பலின் பின்விசிறியோ மெல்லச் சுற்றினால்தான் நீரைப் பற்றித் தள்ளும். இவ்விரண்டையும் இணைப்பது எங்ஙனம்? அத்துணைப் பெரும் சக்தியைத் தாங்கும் பற்சக்கரங்களை அன்று நம்பத்தக்க வகையில் செய்யத் தெரியவில்லை. சுழலி பின்னோக்கிச் சுற்றாதாகையால் கப்பலைப் பின்செலுத்த வேறு வழியும் வேண்டியிருந்தது.

ஃபொட்டிங்கர் கண்ட வழி வியக்கத்தக்கது. எஞ்சின் ஒரு பம்பைச் சுழற்றட்டும். பம்பு நீரை வேகமாக வீசட்டும். அந்நீர் வேறொரு சக்கரத்தின் இதழ்களில் மோதி அதனைச் சுழற்றட்டும். இரும்பும் இரும்பும் தொடவேண்டுவதில்லை. இடையே நீரே தூது செல்லும். இதுவரையில் பிறரும் எண்ணியிருக்கக் கூடும். பம்பையும் சுழல் சக்கரத்தையும் நெடுங்குழாய்களால் இணைக்காமல் ஒரே கூட்டுக்குள் நெருங்க வைத்து, இரண்டுக்குமிடையே அசையாத மூன்றாவது இதழ்ச்சக்கரம் ஒன்றை நிறுத்தியதே அவருடைய நுட்பம். திரும்பிவரும் நீரின் போக்கை அம்மூன்றாம் சக்கரம் வளைத்துவிடுகிறது. அவ்வளைவின் எதிர்விசையால் வெளியே செல்லும் திருகுவிசை, உள்ளே வந்ததினும் மிகுதியாகிறது. வேகம் குறைய, விசை பெருகும். பற்சக்கரம் செய்யும் வேலையைப் பல்லில்லாமலே செய்து முடித்தார். 1905-ல் இதற்குக் காப்புரிமை கோரினார்.

இக்கருவி பூண்ட கப்பல்களுள் ஒன்று, 1913-ல் உல்லாசப் பயணிகளை ஏற்றிச் செல்லக் கட்டப்பட்ட 'கோனிகின் லூயிஸே'. அடுத்த ஆண்டு உலகப் போர் மூண்டதும் அக்கப்பல் கண்ணிவெடி தூவ அனுப்பப்பட்டு, 1914 ஆகஸ்டு 5-ந் தேதி பிரிட்டிஷ் கப்பல்களால் மூழ்கடிக்கப்பட்டது. அதனை வீழ்த்தச் சென்றவற்றுள் ஒன்றாகிய 'ஆம்பியன்' மறுநாள் அது தூவிய கண்ணியிலேயே சிக்கி அழிந்தது. நம் பொருளுக்கு இது சற்றுப் புறம்பே. எனினும் உல்லாசத்துக்கென ஆக்கிய பொருளைச் சில நாட்களில் போர்க்கருவியாக்கிவிடும் மனிதரின் விரைவை எண்ணாமல் இவ்விடத்தைக் கடக்க இயலவில்லை. ஃபொட்டிங்கரும் 1945 ஏப்ரலில், பெர்லின் நகரம் வீழும் தறுவாயில், குண்டுத் துணுக்குப் பட்டே மாண்டார்.

நிற்க. கடலில் இக்கருவி நெடுநாள் வாழவில்லை. நூறு பங்கு சக்தியைக் கொடுத்தால் ஏறக்குறையத் தொண்ணூறு பங்குதான் மறுபுறம் வந்தது. எஞ்சியது நீரைச் சூடாக்கி வீணாயிற்று. சில ஆண்டுகளிலேயே நல்ல பற்சக்கரங்கள் வந்தன. அவற்றில் வீணாவது மிகச் சொற்பம். கப்பற்காரர் அவற்றையே கைக்கொண்டனர்.

கடல் கைவிட்டதைத் தரை ஏற்றது. லண்டன் பஸ்களில் ஏறிச்சென்ற ஹெரால்டு சிங்க்ளேர் என்னும் எஞ்சினியர், ஒவ்வொரு முறையும் கிளட்சு பற்றும்பொழுது பஸ் துள்ளுவதைக் கண்டு மனம் வெறுத்து, ஃபொட்டிங்கரின் முறையை மோட்டார் வண்டிக்குக் கொண்டுவர முனைந்தார். அதன் பயனாக 1930-ல் டெயிம்லர் கம்பெனியார் தம் கார்களில் எண்ணெய் நிரம்பிய சக்கரக்கூடு ஒன்றை வைத்தனர். அதில் மூன்றாம் சக்கரம் இல்லை. ஆதலின் விசை பெருகாது, துள்ளல் மட்டும் ஒழியும்.

மூன்று சக்கரங்களும் அமைந்த முழு விசைமாற்றியைப் பஸ்களில் ஏற்றியவர் இங்கிலாந்தின் லேலண்டு கம்பெனியார். ஸ்வீடன் தேசத்து ஆல்ஃப் லிஷோல்ம் என்னும் அறிஞரின் அமைப்பைத் தழுவி, 1933 முதல் 'கியரில்லாப் பஸ்' என்று விளம்பரம் செய்து விற்றனர். இவ்விடத்தை வாசகர்கள் ஊன்றி நோக்கவேண்டும். ஏனெனில் நமது பொருளின் கரு இங்கேதான் இருக்கிறது.

எண்ணெய் வழியே சக்தியை அனுப்பும்பொழுது, தள்ளும் சக்கரத்தினும் தள்ளப்படும் சக்கரம் எப்பொழுதும் சற்றுப் பின்தங்கியே சுழலும். பின்தங்காவிடில் எண்ணெய் ஓடாது. எண்ணெய் ஓடாவிடில் சக்தி செல்லாது. இப்பின்தங்கலை நழுவல் என்போம். வண்டி புறப்படும்பொழுது நழுவல் பெரும் நன்மை. எஞ்சின் சுழல, வண்டி நிற்க, இடையே விசை ஏறத்தாழ இரு மடங்காகி மெல்ல வண்டியைத் தூக்கி எடுக்கிறது. ஆனால் வண்டி சமவேகத்தில் ஓடத் தொடங்கியபின் அதே நழுவல் வெறும் நட்டம். எஞ்சின் நிமிஷத்துக்கு 2000 சுற்றும், எதிர்ச்சக்கரம் 1800 சுற்றும் சுழல்கின்றன என்று கொள்வோம். எஞ்சின் 100 குதிரைச்சக்தி தருமாயின் அதில் 10 எண்ணெயைக் காய்ச்சுவதிலேயே தொலைகிறது. மின்சாரக் கணக்கில் அஃது ஏழரைக் கிலோவாட். அஃதாவது ஏழு மின்னடுப்புகளை ஒருங்கே மூட்டிவைத்த சூடு. வண்டியின் அடியிலுள்ள சிறு கூட்டுக்குள் இத்தனை அடுப்பு எரிந்தால் எண்ணெய் என்னாகும்? கறுக்கும், கருகும், பெட்டியை அழிக்கும்.

லேலண்டு கம்பெனியார் இதனை நன்குணர்ந்திருந்தனர். ஆகவே ஓட்டுநருக்கு ஒரு நெம்புகோலைக் கொடுத்தனர். ஒரு பக்கம் தள்ளினால் எஞ்சினின் சக்தி எண்ணெய் வழியே செல்லும்; பஸ் புறப்படும். வேகம் மணிக்கு ஏறத்தாழ 20 மைலை எட்டியதும் மறுபக்கம் இழுத்தால் எண்ணெய் விலக்கப்பட்டு, எஞ்சின் நேரே தண்டோடு பிணைந்துவிடும். மேடு வந்தால் மீண்டும் எண்ணெய். இரண்டுக்கும் இடையே எப்பொழுது மாறுவது என்பது ஓட்டுநரின் காதுக்கும் கைக்கும் விடப்பட்டது. சோம்பல் மிக்க ஓட்டுநர் நெடுநேரம் எண்ணெயிலேயே ஓட்டினால் பஸ் குடிக்கும் எரிபொருள் கூடும். மேடுமிக்க ஊர்களில் சோம்பலில்லா ஓட்டுநருக்கும் அதே கதிதான்.

எண்ணெயை விலக்கி இரும்பை இரும்போடு பிணைக்கும் இச்செயலையே பூட்டுதல் என்கிறோம். பூட்டு உண்டு என்பது 1933-லேயே தெரிந்த செய்தி. அதன் பிறகு நடந்த வரலாறெல்லாம், அப்பூட்டை யார் கையில் கொடுப்பது என்பதைப் பற்றியதே.

அமெரிக்கர் ஓட்டுநர் கையில் கொடுக்க விரும்பவில்லை. காரில் அமர்ந்தால் மிதிப்பதும் திருப்புவதும் தவிர வேறு கவலை கூடாது என்பது அவர்கள் கொள்கை. 1948-ம் ஆண்டு மாதிரியாக பியூயிக் கம்பெனியார் கொணர்ந்த 'டைனாஃப்ளோ'வில் விசைமாற்றி இருந்தது, பூட்டு இல்லை. வெண்ணெயில் வழுக்குவதுபோல் ஓடிற்று, பெட்ரோலையும் வழுக்கி விழுங்கிற்று. 1949-ல் பேக்கார்டு கம்பெனியார் 'அல்ட்ராமாட்டிக்' என்ற பெட்டியில் பூட்டும் வைத்தனர். ஆனால் அதற்கு நெம்புகோல் இல்லை. வண்டியின் வேகத்தையும் மிதியின் ஆழத்தையும் எண்ணெய் அழுத்தமே அளந்து, மணிக்கு 15 மைலுக்கும் 55 மைலுக்கும் இடையே தக்க சமயத்தில் தானே பூட்டிக்கொண்டது. அந்நாளில் இது பெரும் சாதனை. எனினும் பெட்ரோல் மலிந்து கிடந்த நாட்டில் அதனைப் போற்றுவார் இல்லை. பூட்டுக்கு ஆகும் செலவு வீண் என்று கார் செய்வோர் அதனைக் கைவிட்டனர். சுமை வண்டிகளுக்கும் பஸ்களுக்கும் பெட்டி செய்தவரே அதனை மறவாது காத்தனர்.

1973-ல் எண்ணெய்ப் பஞ்சம் வந்தது. 1975-ல் அமெரிக்க அரசாங்கம் கார்கள் ஒரு காலனுக்கு எத்தனை மைல் ஓடவேண்டும் என்று சட்டம் செய்தது. உடனே பழைய பூட்டு நினைவுக்கு வந்தது! கிரைஸ்லர் கம்பெனியார் 1978-ம் ஆண்டு மாதிரிக் கார்களில் அதனை மீண்டும் வைத்தனர், மற்றவர் பின்தொடர்ந்தனர். முதலில் எண்ணெய் அழுத்தமே அதனை ஆண்டது. பின்னர் எண்பதுகளில் கணிப்பொறி என்னும் புது எசமானர் வந்து சேர்ந்தார்.

இனி நமது டீசல் லோரிக்கு வருவோம்.

1989-ம் ஆண்டு மாதிரி டாட்ஜ் லோரிகளில் கம்மின்ஸ் கம்பெனியாரின் ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின் ஏற்றப்பட்டது. கொள்ளளவு 5.9 லிட்டர், சக்தி 160 குதிரை. இக்காலக் கணக்கில் இஃது அற்பமாகத் தோன்றும். ஆனால் டீசல் எஞ்சினின் பெருமை குதிரைக் கணக்கில் இல்லை; குறைந்த சுற்றிலேயே பெரும் திருகுவிசை தருவதில் இருக்கிறது. குறைந்த சுற்றில் உழைக்கும் எஞ்சினோடு, சுற்றுக் கூடினால்தான் இறுகப் பிடிக்கும் எண்ணெயைச் சேர்த்தால் நழுவல் மிகும் என்பது வெளிப்படை. முதற் சில ஆண்டுகளில் இவ்வண்டிகளின் தானியங்கிப் பெட்டிக்குப் பூட்டே இல்லை. 1994-ல் வந்த '47ஆர்எச்' என்ற பெட்டியில்தான் பூட்டு வந்தது.

அதன் அமைப்பு எளிது. விசைமாற்றியின் கூட்டுக்குள், எதிர்ச்சக்கரத்துக்கும் கூட்டின் முன்சுவருக்கும் இடையே உராய்வுப் பட்டை ஒட்டிய வட்டத்தட்டு ஒன்று இருக்கிறது. எண்ணெய் தட்டின் முன்புறமாக நுழையும்பொழுது தட்டு சுவரைவிட்டு விலகி நிற்கும். எண்ணெயின் வழி மாற்றப்பட்டு முன்புற அழுத்தம் இறங்கிவிட்டால், பின்புற அழுத்தம் தட்டைச் சுவரோடு சேர்த்து நெரிக்கும். சுவர் எஞ்சினோடு சுழல்வது. தட்டு கியர்ப்பெட்டிக்குச் செல்லும் தண்டைச் சேர்ந்தது. இரண்டும் ஒன்றாயின, நழுவல் ஒழிந்தது. எண்ணெயின் வழியை மாற்றுவது ஒரு சிறு மின்காந்த வால்வு. அதற்கு மின்சாரம் எப்பொழுதும் ஒரு முனையில் வந்து நிற்கும். மறுமுனையைக் கணிப்பொறி வண்டியின் உடலோடு, அஃதாவது 'எர்த்'தோடு, இணைக்கும்பொழுது வால்வு வேலை செய்யும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அவ்வாண்டு எஞ்சினில் எரிபொருளை அளந்து பீய்ச்சும் பம்பு முழுவதும் இரும்பால் இயங்குவது. அதற்குக் கணிப்பொறியே வேண்டாம். பாட்டன் காலத்து எஞ்சின் எனலாம். கியர்கள் மாறுவதும் பெரும்பாலும் எண்ணெய் அழுத்தத்தாலேயே. நான்காம் கியருக்குப் போவதா, பூட்டுவதா என்னும் இரண்டை மட்டுமே கணிப்பொறி தீர்மானித்தது. வண்டியின் வேகம், மிதியின் நிலை, எஞ்சினின் சூடு இவற்றைக் கொண்டு அது முடிவு செய்தது. வெற்று வண்டிக்கும் சமதரைக்கும் அம்முடிவு பெரும்பாலும் பொருத்தமே. பாரம் ஏற்றிய வண்டிக்கோ அது போதவில்லை.

காரணம் யாது? பின்னால் எத்துணைப் பாரம் இழுக்கப்படுகிறது என்பது கணிப்பொறிக்குத் தெரியாது. முன்னால் மேடா பள்ளமா என்பதும் தெரியாது. மிதியின் நிலையைக் கூறும் சிறு கருவி தேய்ந்துவிட்டாலோ, மின்கம்பிகளில் இரைச்சல் புகுந்தாலோ, பூட்டுவதும் திறப்பதுமாக அது மாறி மாறித் தடுமாறும். வண்டி இருமுவதுபோல் ஓடும். ஒவ்வொரு முறை பூட்டும்பொழுதும் பட்டை சிறிது தேயும். மேட்டில் 40 மைல் வேகத்தில் ஏறும் பாரவண்டி, பூட்டு விழாமலே நெடுநேரம் எண்ணெயைக் காய்ச்சிக்கொண்டிருக்கும்.

இவற்றினும் கொடியது இறக்கம். அமெரிக்காவின் கொலராடோ மாகாணத்தில், மலைத்தொடரைக் குடைந்து 1973-ல் திறக்கப்பட்ட ஐஸனோவர் சுரங்கப்பாதை கடல் மட்டத்துக்குமேல் 11,000 அடிக்கும் அதிகமான உயரத்தில் இருக்கிறது. அதனைக் கடந்து டென்வர் நகர் நோக்கி இறங்கும் சாலை, நூறு அடிக்கு ஆறேழு அடி வீதம் மைல் கணக்காகச் சரிகிறது. பிரேக் இழந்து ஓடிவரும் லோரிகள் ஏறி நிற்பதற்கென்றே அச்சாலையோரத்தில் சரளை மேடுகள் அமைத்திருக்கின்றனர் என்றால் அதன் இயல்பை நாம் விளக்க வேண்டுவதில்லை. அங்கே பின்வண்டியில் குதிரைகளையோ உழவு யந்திரத்தையோ ஏற்றி ஒருவர் இறங்குகிறார். மிதியிலிருந்து காலை எடுக்கிறார். மிதி மூடப்பட்டதைக் கண்ட கணிப்பொறி, இனிச் சக்தி வேண்டுவதில்லை என்று பூட்டைத் திறந்துவிடுகிறது.

கையால் கியர் மாற்றும் லோரியில் காலை எடுத்தால் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும் என்பதை நம்மவர் அறிவர். டீசல் எஞ்சினில் காற்றை அடைக்கும் கதவு இல்லையாதலால் அப்பிடி இயல்பாகவே தளர்ந்தது. அதனால்தான் புகைபோக்கியை இடையில் அடைத்து எஞ்சினைத் திணறச் செய்யும் 'எக்ஸாஸ்ட் பிரேக்' என்ற கருவியைப் பொருத்துகின்றனர். ஆனால் பூட்டுத் திறந்துவிட்டால் சக்கரங்களுக்கும் எஞ்சினுக்கும் இடையே எண்ணெய் மட்டுமே இருக்கிறது. எஞ்சினின் சுற்று விழுந்துவிடும். சுற்று விழுந்த எஞ்சினுக்குப் பிடிக்கும் வலு இல்லை. முழுப் பாரமும் சக்கரங்களின் பிரேக்குக்கே வந்துசேர்கிறது. அது காயும், காய்ந்தால் பிடி தளரும். பிறகு நேருவது சரளை மேடு, அல்லது அதனினும் கொடியது.

சிறு சுவிட்சின் கதை இதுதான். வால்வின் மறுமுனையைக் கணிப்பொறி எர்த்தோடு இணைக்காவிடில், நாமே இணைத்துவிட்டால் என்ன என்று வண்டிக்காரர் எண்ணினர். ஒரு கம்பி, ஒரு சுவிட்சு, வேலை முடிந்தது. சுவிட்சைப் போட்டால் கணிப்பொறி என்ன நினைப்பினும் பூட்டு விழும். எடுத்தால் பழையபடி கணிப்பொறியின் ஆட்சி. லேலண்டு பஸ் ஓட்டுநரின் நெம்புகோல் அறுபது ஆண்டுகளுக்குப் பின் விரல் நுனியளவில் திரும்பி வந்தது.

ஆனால் நெம்புகோலோடு பொறுப்பும் திரும்பி வந்தது. பூட்டியபடியே வண்டியை நிறுத்த முயன்றால், கிளட்சு மிதிக்காமல் நிறுத்திய லோரியைப்போல் எஞ்சின் உதறி அணையும். பூட்டியபடி கியர் மாறினால் அதன் அதிர்ச்சியை மெத்தென வாங்கிக்கொள்ள எண்ணெய் இல்லை. தட்டுகளும் தண்டும் அதனை ஏற்கவேண்டும். எஞ்சினின் சக்தியைத் தாமே கூட்டிக்கொண்ட சிலர், தொழிற்சாலை அளவில் செய்த ஒற்றைத் தட்டு அதனைத் தாங்காது நழுவிக் கருகக் கண்டனர். தண்டே முறிந்த வண்டிகளும் உண்டு. குற்றம் சுவிட்சின்மீதன்று, எப்பொழுது போடலாகாது என்று அறியாமல் போட்ட கையின்மீது.

இம்மறதியைத் தடுக்கச் சிலர் பிரேக் விளக்கின் கம்பியோடு ஒரு ரிலேயைச் சேர்த்து, பிரேக்கை மிதித்த கணமே பூட்டுத் திறக்குமாறு செய்தனர். நிறுத்தும்பொழுது இது நன்று. இறக்கத்திலோ, பிரேக்கைச் சற்றே தொட்டவுடன், எந்த இடத்தில் பூட்டு மிகத் தேவையோ அவ்விடத்திலேயே அது விட்டுப்போகும்! வேறு சிலர் இதனினும் ஆழ்ந்து சிந்தித்தனர். அப்பெட்டியில் வண்டியின் வேகத்தோடு ஏறியிறங்கும் எண்ணெய் அழுத்தம் ஒன்றுண்டு. அவ்வழியில் அழுத்தத்தால் இயங்கும் சுவிட்சு ஒன்றைப் பொருத்தி, கைச்சுவிட்சோடு வரிசையாக இணைத்தனர். குறித்த வேகத்துக்குமேல் மட்டுமே கை சொல்வது செல்லும். வேகம் தாழ்ந்தால் கை மறந்தாலும் பூட்டுத் தானே திறக்கும். இம்முறையே சிறந்ததென்பது நம் கருத்து. 1949-ல் பேக்கார்டு எஞ்சினியர்கள் எண்ணெய் அழுத்தத்தால் செய்த காவலையும், 1933-ல் பஸ் ஓட்டுநர் கையால் செய்த தீர்மானத்தையும் இது ஒன்றாய்க் கூட்டுகிறது. செய்தவர்கள் இவ்வரலாறு படித்துச் செய்தவர்களல்லர். வண்டியின் அடியில் மல்லாந்து படுத்துக் கண்டுகொண்டவர்கள்.

1996-ல் வந்த அடுத்த பெட்டியில் வேக அழுத்தத்தையும் கணிப்பொறியே ஆளத் தொடங்கியது. இத்தகைய எளிய வழிகளுக்கு அங்கே இடம் சுருங்கிற்று. 2007-ல் 6.7 லிட்டர் எஞ்சினோடு வந்த வண்டிகளில், எக்ஸாஸ்ட் பிரேக்கைத் தொழிற்சாலையாரே வைத்து, அது வேலை செய்யும்பொழுது பூட்டு விழுந்தே இருக்குமாறும் செய்துவிட்டனர். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே பழைய லோரிக்காரர் கம்பி இழுத்துச் சொன்னதைத்தான் அவர்கள் பின்னர் செய்தனர். சொன்னவர் எவருக்கும் நன்றி கூறியதாகத் தெரியவில்லை. அஃது எந்நாட்டிலும் வழக்கமில்லை போலும்.

பழைய வண்டிகள் இன்றும் மலைச்சாலைகளில் ஓடுகின்றன. சுரங்கத்தின் வாயைக் கடந்ததும் ஓட்டுநர் மூன்றாம் கியருக்கு இறக்கி, அது பற்றியபின் சுவிட்சைப் போடுகிறார். எஞ்சினின் சுற்று ஏறி ஒரே சுருதியில் நிற்கிறது. புகைபோக்கி அடைபட்டு முனகுகிறது. பிரேக்கை அவர் தொடுவதே அரிது. மலையடிவாரத்தில் சிவப்பு விளக்குக் கண்ணில் பட்டதும், கால் பிரேக்குக்குப் போகுமுன் விரல் சுவிட்சுக்குப் போகிறது.